திருநெல்வேலி கேட்டால் திருச்சி வந்தது: டெஸ்ட் ஸ்கிரிப்டுகளில் ஸ்லீப்பை எடுத்த அனுபவம்

என் கைக்கு வந்தபோது மொத்தம் 42 டெஸ்ட் ஸ்கிரிப்டுகள், பிரவுசரைத் தானாக இயக்கித் தளம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பவை. ஒரு பேருந்து முன்பதிவு இணையதளத்துக்காக எனக்கு முன்பு இருந்தவர் செலினியம் ஐடிஇ-யில் (பிரவுசரில் நாம் செய்வதைப் பதிந்து திரும்ப ஓட்டும் கருவி) ரெக்கார்ட் செய்து, அப்புறம் பைத்தானுக்கு எக்ஸ்போர்ட் செய்து வைத்தவை. ஊரைத் தேர்ந்தெடுப்பது, தேதி, பேருந்துப் பட்டியல், இருக்கை, பயணி விவரம், பணம் கட்டுவது என்று பயணி நடக்கும் பாதை முழுவதும் அதில் இருந்தது. உழைத்துச் செய்த வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்கு சர்வரில் ஓடும்போது தினமும் ஐந்தாறு ஃபெயில் ஆகும். இன்று விழுந்தது நாளைக்கு எழுந்துவிடும், வேறொன்று விழும். என் லேப்டாப்பில் ஓட்டினால் எல்லாமே பச்சை.

காலையில் வரும் அறிக்கையைப் பார்ப்பதையே எல்லோரும் விட்டிருந்தார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. யாரும் நம்பாத டெஸ்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான். "அக்கா, ரீரன் போட்டா பாஸ் ஆயிடும், விடுங்க" என்றான் டெவலப்பர் தம்பி. அதையும் ஏற்கெனவே போட்டுத்தான் வைத்திருந்தார்கள். ஃபெயில் ஆனால் இன்னும் இரண்டு முறை தானாக ஓட்டிப் பார்க்கும் பிளகின் ஒன்று, பைத்தான் டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்டுக்கானது. அதாவது மூன்று முறையும் தோற்றவை மட்டும்தான் அந்த ஐந்தாறு. முதல் வேலையாக அதை நிறுத்தினேன். அன்று ராத்திரி 13 ஃபெயில்.

அந்த 13-ஐயும் ஒவ்வொன்றாகத் தீர்க்க மூன்று வாரம் ஆனது.

ஐடிஇ-யில் ஓடியது எக்ஸ்போர்ட்டில் ஏன் ஓடவில்லை

ஐடிஇ-க்குள்ளேயே பிளேபேக் செய்யும்போது, தேடுகிற பொத்தான் இன்னும் திரைக்கு வரவில்லை என்றால் அது தானாகவே கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி தேடும். ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும் வழி உண்டு. அதே ஸ்கிரிப்டைப் பைத்தான் கோடாக எக்ஸ்போர்ட் செய்தால் அந்தப் பொறுமை கூடவே வராது. எக்ஸ்போர்ட் செய்த கோடு பிரவுசரை இயக்குவது செலினியத்தின் வெப்டிரைவர் மூலம். அதில் இம்ப்ளிசிட் வெயிட்டின், அதாவது ஒன்றைத் தேடும்போது தானாகக் காத்திருக்கும் நேரத்தின், இயல்பு மதிப்பு 0. தேடிய அந்தக் கணத்தில் இல்லையென்றால் இல்லைதான், எக்செப்ஷன் (பிழை) வந்து விழும்.

2006-ல் ஷின்யா கசதானி இந்த ஐடிஇ-யை ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியாக எழுதிய காலத்தில் ஒரு கிளிக்குக்கு ஒரு முழுப் பக்கம் புதிதாக வருவது சாதாரணம். 'கிளிக் அண்ட் வெயிட்' என்று ஒரு கட்டளை இருந்தது. அடுத்த பக்கம் ஏறி முடியும்வரை அது நிற்கும். எங்கள் தளம் அப்படி இல்லை. பக்கம் ஒரே முறைதான் ஏறும். அதற்கப்புறம் பட்டியல், இருக்கைப் படம், கட்டணம் எல்லாமே பின்னணியில் ஃபெட்ச் மூலம் வந்து உட்காரும். வெப்டிரைவர் பக்கத்தின் லோடு நிகழ்வு வரைக்கும்தான் காத்திருக்கும். அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட் எதை எப்போது கொண்டுவரும் என்பது அதற்குத் தெரியாது.

முன்பு இருந்தவர் இதற்குக் கண்ட தீர்வு ஸ்லீப், அதாவது 'இத்தனை நொடி சும்மா நில்' என்ற கட்டளை. எண்ணிப் பார்த்தேன்: 217 இடங்கள். பெரும்பாலும் 3 நொடி, சில இடங்களில் 5, ஓரிடத்தில் 12. கூட்டினால் 13 நிமிடத்துக்கு மேல். மொத்த ஓட்டமே 31 நிமிடம்தான். பால் பொங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அடுப்பைப் பொறுத்தது. என் லேப்டாப்பில் 1 நொடியில் வரும் பட்டியல், இரண்டு கோர் உள்ள அந்த ராத்திரி சர்வரில் 4 நொடி எடுத்தது. 3 நொடி ஸ்லீப் இங்கே இரண்டு நொடியை வீணாக்கியது, அங்கே ஒரு நொடி குறைந்துபோனது.

இது எங்களுக்கு மட்டும் இருக்கிற வியாதி இல்லை. 2014-ல் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அபாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் 51 திட்டங்களில், இப்படி நிலையில்லாத டெஸ்டுகளைச் சரிசெய்த 201 மாற்றங்களை எடுத்து அலசினார்கள். காரணத்தை வகைப்படுத்த முடிந்தவற்றில் 45 சதவீதம், பின்னணியில் நடக்கும் வேலை முடிவதற்குச் சரியாகக் காத்திருக்காததால் வந்தவை. அதைப் படித்த பிறகுதான் கைவைக்க வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெளிவானது.

முதலில் என் மெஷினில் ஃபெயில் ஆக வேண்டும்

கண்முன்னால் ஃபெயில் ஆகாத ஒன்றைச் சரிசெய்ய முடியாது. முதல் இரண்டு நாளும் இதற்கே போனது.

ஒரு சின்ன விஷயம் உடனே அகப்பட்டது. சர்வரில் குரோம் திரை இல்லாமல், ஹெட்லெஸ்ஸாக ஓடுகிறது. ஜன்னல் அளவைச் சொல்லாவிட்டால் அது 800க்கு 600 என்று எடுத்துக்கொள்ளும். அந்த அகலத்தில் எங்கள் தளம் மொபைல் வடிவத்துக்கு மாறி, மெனு ஒளிந்துகொள்ளும். 13-இல் 2 ஃபெயில் அதனால் வந்தவை. நேரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. 1366க்கு 768 என்று எழுதினேன், சரியாகிவிட்டது. ஸ்லீப்பைத் தொடும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் வேகத்தைக் குறைத்தேன். குரோம் டிரைவரிலேயே நெட்வொர்க் நிலையை அமைக்கும் வசதி உண்டு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 400 மில்லிநொடி தாமதம் வைத்து, ஒரே ஸ்கிரிப்டை 50 முறை ஓட்டினேன். 17 முறை விழுந்தது. எனக்கு அன்று கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பேய் மாதிரி வந்து போனது, இப்போது கூப்பிட்டால் வருகிறது.

சுழலும் வட்டத்தை நம்பியது

எக்ஸ்ப்ளிசிட் வெயிட் என்பது ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட்டு, அது நிறைவேறும்வரை திரும்பத் திரும்பக் கேட்பது. செலினியத்தில் இயல்பாக 500 மில்லிநொடிக்கு ஒருமுறை கேட்கும். நான் அதை 100 ஆகக் குறைத்தேன். சரி, என்ன நிபந்தனை வைப்பது? பட்டியல் வரும்வரை எங்கள் தளத்தில் ஒரு வட்டம் சுழலும். 'வட்டம் மறையும்வரை காத்திரு' என்று எழுதினேன். நியாயமாகத்தானே தெரிகிறது?

17 ஃபெயில் 21 ஆனது.

ஒவ்வொரு அடியிலும் நேரத்தை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. தேதியை 14-லிருந்து 15-க்கு மாற்றிவிட்டுத் தேடு பொத்தானைக் கிளிக் செய்த நேரத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். 9-வது மில்லிநொடியில் என் காத்திருப்பு முடிந்துவிட்டது. 34-வது மில்லிநொடியில் வட்டம் தோன்றியது. 1210-வது மில்லிநொடியில் வட்டம் மறைந்து புதுப் பட்டியல் வந்தது. வட்டம் தோன்றுவதற்கு முன்பே 'வட்டம் இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஸ்கிரிப்ட் சந்தோஷமாக மேலே போய், 14-ஆம் தேதியின் பழைய பட்டியலில் முதல் பேருந்தைப் பிடித்தது. அதைக் கிளிக் செய்யப் போகும்போது அந்த வரிசையே பக்கத்திலிருந்து தூக்கப்பட்டிருந்தது. அதுதான் அந்த 'ஸ்டேல் எலிமென்ட் ரெஃபரன்ஸ்' பிழை. பாதி லாகுகளை அதுதான் நிரப்பியிருந்தது.

இதற்குப் பலரும் சொல்லும் வழி, கிளிக்குக்கு முன் பழைய பட்டியலின் முதல் வரிசையைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அது செத்துப்போகும்வரை காத்திருப்பது. இருக்கைப் படத்தில் இது அருமையாக வேலை செய்தது. பேருந்துப் பட்டியலில் சில சமயம் முடியவில்லை. அங்கே சில வரிசைகளைத் தளம் தூக்கிப் போடாமல் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றுகிறது. பிடித்து வைத்த வரிசை சாகவே இல்லை, வெயிட் 15 நொடி நின்று டைம்அவுட் ஆனது.

கடைசியில் டெவலப்பர் தம்பியிடம் போய் உட்கார்ந்தேன். பட்டியலின் வெளி உறையில் இரண்டே இரண்டு அட்ரிபியூட் (பக்கத்தின் கோடில் ஒட்டும் குறிப்பு) கேட்டேன்: இந்தப் பட்டியல் எந்தத் தேடலுக்கு உரியது, அது முழுதாக வந்துவிட்டதா. "இதுக்காக கோட மாத்தணுமா அக்கா?" என்று முதலில் இழுத்தான். அச்சிட்டு வைத்த நேரங்களைக் காட்டினேன். அன்று மாலையே போட்டுக் கொடுத்தான். இப்போது ஸ்கிரிப்ட் வட்டத்தைப் பார்ப்பதே இல்லை. 'பட்டியலின் தேதி 15, நிலை தயார்' என்று வரும்வரை காத்திருக்கிறது. 50-க்கு 50 பாஸ். என்னைக் கேட்டால், டெஸ்ட் எழுதுகிறவர் ஒரு நிலையை வெளியிலிருந்து ஊகிக்கப் பத்து வரி எழுதுவதைவிட, தளத்தை உருவாக்குகிறவரிடம் ஓர் அடையாளம் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

போகிற போக்கில் சரிசெய்த இரண்டு விஷயங்கள். சில ஸ்கிரிப்டுகள் மட்டும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கோப்பு ஒன்றில் இம்ப்ளிசிட் வெயிட் 10 நொடி என்று யாரோ போட்டிருந்தார்கள். அதையும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் கலந்தால் கணக்கு குழம்பும். இம்ப்ளிசிட் 10, எக்ஸ்ப்ளிசிட் 15 என்று வைத்தால் 20 நொடிக்குப் பிறகு டைம்அவுட் ஆகலாம் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது. இம்ப்ளிசிட்டை 0 ஆக்கினேன்.

இன்னொன்று, 'உறுதி செய்' என்று கேட்கும் சிறு ஜன்னல். அது பூட்ஸ்ட்ராப் என்ற வடிவமைப்புத் தொகுப்பின் மோடல், 0.3 நொடியில் மேலிருந்து வழுக்கி இறங்கும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே பொத்தான் 'தெரிகிறது' என்று செலினியம் சொல்லிவிடும், கிளிக் வேறெங்கோ விழும். செலினியம் மாதிரியே இன்னொரு கருவியான பிளேரைட் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு அனிமேஷன் ஃபிரேம்களில் பொத்தானின் இடம் மாறாமல் இருந்தால்தான் அது கிளிக் செய்யும். அதே யோசனையில் சின்ன நிபந்தனை ஒன்று எழுதினேன்: இடத்தையும் அளவையும் ஒருமுறை படி, அடுத்த முறையும் அதுவே வந்தால் சரி. ஏழு வரி. எல்லாப் பொத்தான்களுக்கும் அதையே வைத்துவிட்டேன்.

திரு

பத்தாவது நாள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஸ்கிரிப்ட். சென்னையிலிருந்து திருநெல்வேலி, இரவு 9.30 படுக்கை வண்டி. இருபது முறையில் ஒருமுறை '9.30 வண்டி பட்டியலில் இல்லை' என்று விழும். பட்டியல் வந்திருக்கிறது, நிலை தயார், தேதி சரி. வண்டி மட்டும் இல்லை.

டெஸ்ட் தரவில் ஏதோ பிசகு என்று ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் தேடினேன். அப்புறம்தான் ஃபெயில் ஆன கணத்தின் ஸ்கிரீன்ஷாட்டை நிதானமாகப் பார்த்தேன். மேலே சின்ன எழுத்தில் இருந்தது: சென்னை – திருச்சிராப்பள்ளி.

ஊர்ப் பெட்டியில் எழுத்து விழ விழ, தளம் ஒவ்வொரு முறையும் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். நம் ஊரில் 'திரு' என்று தொடங்கும் ஊருக்கா பஞ்சம்? திருச்சிராப்பள்ளி, திருச்செங்கோடு, திருச்செந்தூர், திருத்தணி, திருநெல்வேலி, திருப்பூர், திருவண்ணாமலை, திருவாரூர். 'திரு' என்ற கோரிக்கைக்குப் பெரிய பட்டியல் வரும், முதலில் திருச்சி நிற்கும். 'திருநெ' என்ற கோரிக்கைக்கு ஒரே ஊர். ஸ்கிரிப்ட், பட்டியல் தெரிந்ததும் முதல் ஊரைக் கிளிக் செய்யும் என்று ரெக்கார்ட் ஆகியிருந்தது. 3 நொடி ஸ்லீப் இருந்தவரை பெரும்பாலும் எல்லாம் அடங்கிய பிறகுதான் கிளிக் விழுந்தது.

ஸ்கிரிப்டைத் திருத்துவது சுலபம். 'திருநெல்வேலி' என்ற எழுத்து அச்சு அசலாக உள்ள வரிசை வரும்வரை காத்திரு, அதையே கிளிக் செய், பின் மறைந்திருக்கும் ஊர்க் குறியீட்டையும் சரிபார். திருத்தினேன். ஆனாலும் நாற்பதில் ஒருமுறை விழுந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு முதுகு நிமிர்ந்தது. சரியான ஊரை எழுத்து பார்த்துக் கிளிக் செய்தும் திருச்சி எப்படி வரும்? நெட்வொர்க் பதிவை எடுத்தேன். அந்த ஓட்டத்தில் 'திருநெ'வுக்கான பதில் 210 மில்லிநொடியில் வந்திருந்தது. அதற்கு முன்னால் புறப்பட்ட 'திரு'வுக்கான பதில் 840 மில்லிநொடி எடுத்து, பிந்தி வந்திருந்தது. தளம், எந்தப் பதில் எப்போது வந்தாலும் அப்போது திரையில் இருக்கும் பட்டியலை அழித்துவிட்டு அதை வைத்துவிடும். அதாவது திருநெல்வேலி திரையில் தெரிந்து, கை அதன்மேல் போகும் அந்த இடைவெளியில் பட்டியல் மாறி, அதே இடத்தில் திருச்சி வந்து நிற்கும். கிளிக்கை எடுத்துக்கொள்ளும் கோடோ வரிசை எண்ணை வைத்து ஊரைக் குறித்துக்கொண்டிருந்தது.

இதை உறுதிசெய்ய, டெஸ்ட் சர்வரில் ஊர் தேடலுக்கு மட்டும் 0 முதல் 900 மில்லிநொடி வரை ஏதேனும் ஒரு தாமதம் வரும்படி தம்பியைப் போடச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே அளவு தாமதப்படுத்தினால் இந்த முந்திப் பிந்தி வருதல் நடக்காது. ஒவ்வொன்றும் வேறுபட வேண்டும். பிறகு டெஸ்ட் எதுவும் இல்லாமல், அவனையே வேகமாகத் தட்டி, ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஆறாவது முறை அவன் கையிலேயே திருச்சி வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கும் அக்காவிடம் போய்க் கேட்டேன். 'வேறு ஊருக்கு டிக்கெட் வந்துவிட்டது' என்று முந்தைய மாதங்களில் இரண்டு புகார் இருந்தன. இரண்டும் 'பயணியின் தவறு' என்று எழுதி மூடப்பட்டிருந்தன. அதில் ஒருவர், பேருந்து நிலையத்துக்கு வந்து ஏறும்போதுதான் பார்த்திருக்கிறார். அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. உறுதியாக நிரூபிக்க அந்த நாளின் பதிவுகள் இல்லை. ஆனாலும் இரண்டு புகாரையும் மறுபடி திறக்கச் சொல்லி, காரணத்தை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டார்கள்.

தளத்தில் செய்த திருத்தம் சிறியது. புதுக் கோரிக்கை கிளம்பும்போது பழையதை அபார்ட் கன்ட்ரோலர் என்ற பிரவுசர் வசதி கொண்டு ரத்து செய்வது. கிளிக் செய்தால் வரிசை எண்ணை விட்டுவிட்டு, கிளிக் ஆன வரிசையிலேயே உள்ள ஊர்க் குறியீட்டை எடுப்பது. அதோடு கடைசி எழுத்து விழுந்து 250 மில்லிநொடி அமைதியாக இருந்த பிறகே தேடுவது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் செய்தால் போதும் என்று ஒரு பேச்சு வந்தது. அது ஆபத்தைக் குறைக்கும், நிறுத்தாது. மெதுவாகத் தட்டுகிறவருக்குக் கோரிக்கைகள் பழையபடியே தனித்தனியாகப் போகும், பிந்தியும் வரும். மூன்றையும் செய்ய வைத்தேன்.

ஒரே இருக்கை, இரண்டு பிரவுசர்

ஒரு ஸ்கிரிப்ட் வேறு மாதிரி. இரண்டு பயணிகள் ஒரே நேரத்தில் 7-ஆம் எண் இருக்கையை எடுத்தால் ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்க வேண்டும். இரண்டு பிரவுசர், இரண்டு ஓட்டம். இரண்டும் ஒன்றாகக் கிளிக் செய்ய வேண்டும். பழைய ஸ்கிரிப்டில் இரண்டுக்கும் ஒரே அளவு ஸ்லீப் வைத்திருந்தார்கள். அளந்தேன்: இரண்டு கிளிக்குகளுக்கும் நடுவே சில சமயம் 2 நொடிக்கு மேல் இடைவெளி. அதற்குள் முதல் பயணிக்கு இருக்கை போய், இரண்டாமவர் திரையில் அது சாம்பல் நிறமாகவே ஆகிவிட்டிருக்கும். டெஸ்ட் தினமும் பாஸ் ஆனது. ஆனால் அது சோதிக்க வேண்டிய மோதல் நடக்கவே இல்லை.

ஒரே நிரலில் பல வேலைகளை (த்ரெட்டுகளை) ஒரே சமயத்தில் ஓட்ட உதவும் பைத்தானின் த்ரெட்டிங் தொகுப்பில் பேரியர் என்று ஒன்று உண்டு. கோயில் தேரில் இரண்டு வடத்துக்கும் ஆள் சேர்ந்த பிறகு ஒரே குரலில் இழுப்பார்களே, அந்த மாதிரி. எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால், அத்தனை பேரும் அந்த வரிக்கு வந்து சேரும்வரை யாரையும் அது மேலே விடாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி டிரைவர் கொடுத்தேன். ஒரே டிரைவரை இரண்டு த்ரெட்டுகள் பகிர்ந்தால் கட்டளைகள் பின்னிக்கொள்ளும். இரண்டும் இருக்கைப் படம் தயார் ஆகும்வரை தனித்தனியாக வரும், பேரியரில் நிற்கும், பிறகு கிளிக். ஒன்று வழியில் விழுந்தால் மற்றது காலத்துக்கும் நின்றுவிடக் கூடாது என்று பேரியருக்கு 30 நொடி வரம்பும் வைத்தேன். இப்போது இடைவெளி பெரும்பாலும் 40 மில்லிநொடிக்குள். 100 முறை ஓட்டினேன். ஒருமுறைகூட இருவருக்கும் இருக்கை போகவில்லை. ஒரே இருக்கை இரண்டு முறை பதிவாகாதபடி தரவுத்தளத்திலேயே யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு வைத்திருந்த அந்தப் பழைய சர்வர் டெவலப்பரை மனதாரப் பாராட்டினேன்.

இன்றைய நிலை

ஓட்டம் 31 நிமிடத்திலிருந்து 20-க்கு வந்திருக்கிறது. கடந்த 18 ராத்திரிகளில் இரண்டு முறை சிவப்பு வந்தது. இரண்டும் உண்மையான பிழைகள், அன்றே திருத்தப்பட்டன. காலையில் தம்பி வந்ததும் முதலில் அறிக்கையைத் திறக்கிறான்.

217 ஸ்லீப்பில் ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது, 2 நொடி. பணம் கட்டும் சோதனைப் பக்கம் வேறொரு நிறுவனத்தினுடையது, எங்கள் பக்கத்தில் ஐஃபிரேம் என்ற தனிச் சட்டத்துக்குள் வருகிறது. அதில் ஓடிபி பெட்டி தெரிந்து, தட்டவும் விடும். ஆனால் அவர்களுடைய ஸ்கிரிப்ட் முழுதாக எழுந்ததும் பெட்டியை ஒருமுறை துடைத்துவிடும். அது எழுந்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்க்க எந்த அடையாளமும் இல்லை. ஆறு இலக்கமும் பெட்டியில் நிற்கிறதா என்று பார்த்து, துடைத்துவிட்டிருந்தால் மறுபடி தட்டும்படி எழுதிப் பார்த்தேன். மூன்றாவது முறையில் அவர்கள் பக்கம் அந்த முயற்சியையே தடை செய்துவிடுகிறது. அதனால் ஸ்லீப்பை அங்கேயே விட்டு, மேலே தேதியையும் காரணத்தையும் கமெண்டாக எழுதி வைத்திருக்கிறேன். அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். ஏதாவது ஓர் அடையாளம் கொடுத்தார்கள் என்றால் அன்றைக்கே எடுத்துவிடுவேன்.